ஸ்பென்சரை ஊருக்குத் திறந்துவிடுங்கள்: அண்ணா சாலைக்காரர்களின் கோரிக்கைச் சாசனம்

நாங்கள் அண்ணா சாலையை நம்பிப் பிழைக்கிறவர்கள். சிந்தாதிரிப்பேட்டையிலும் புதுப்பேட்டையிலும் ராயப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் குடியிருக்கிறோம். இந்தச் சாலையில் கடை வைத்திருக்கிறோம், கடைகளில் சம்பளத்துக்கு நிற்கிறோம், அலுவலகங்களுக்குத் தினமும் வந்துபோகிறோம். தமிழ்நாடு அரசு, பெருநகர சென்னை மாநகராட்சி, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ., சென்னை மெட்ரோ ஆகிய நால்வருக்கும், ஸ்பென்சர் பிளாசாவில் சொந்தக் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்தச் சாசனத்தை எழுதுகிறோம். இங்கே கேட்டிருப்பவை ஊருக்குச் சேர வேண்டியவை. ஆகவே தரலாமா கூடாதா என்ற பேச்சுக்கு நாங்கள் வரவில்லை. எப்போது தருவீர்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

இடத்தின் கதை ஊரறிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பென்சர் கம்பெனி, இன்று அண்ணா சாலை எனப்படும் மவுண்ட் ரோட்டில் வேர் பிடித்தது. 1890-களில் போக்சன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த செங்கல் மாளிகை எழுந்தது. 1980-களின் தொடக்கத்தில் அது தீக்கிரையானது. 1990-களையொட்டி அதே மண்ணில் மூன்று கட்டங்களாக எழும்பியதுதான் இன்றைய பிளாசா, சுமார் 10 லட்சம் சதுர அடி. மால் என்ற சொல்லே பழகாத காலம் அது. பாட்டு கேசட் வாங்க, எஸ்கலேட்டரில் முதன்முதலாக ஏறிப் பார்க்க, வெயிலுக்கு ஏ.சி.யில் காலாற நடக்க ஒரு தலைமுறை முழுவதும் இங்கேதான் வந்தது. பிறகு 2006-ல் மயிலாப்பூரில் சிட்டி சென்டர், 2010-ல் ஒரு நடை தூரத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் என்று வரிசையாக வந்தன. நடுவில் மெட்ரோ பள்ளத்துக்காக அண்ணா சாலை பல ஆண்டுகள் ஒருவழிப் பாதையாகக் கிடந்தது. இப்போது உள்ளே போனால் வரிசையாக ஷட்டர் இறங்கிய கடைகள். "வாடகைக்கு" என்று எழுதி ஒட்டிய தாள் மஞ்சளாகிவிட்டது, அடியில் எழுதிய போன் நம்பரில் கடைசி இரண்டு எண்கள் அழிந்திருக்கின்றன. அதற்கு அடுத்த கடையில் காஷ்மீர்க்காரர் ஒருவர் பிரித்த சால்வையை மடித்து வைத்துவிட்டு அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கிறார்.

புது மால்கள் வந்ததால் பழையது நொடித்துவிட்டது என்று சொல்லிக் கைகழுவுவது எளிது. ஆனால் அதே புது மால்களுக்கு நடுவில், அண்ணா சாலையை ஒட்டிய மின்னணுச் சாமான் கடைகளின் ரிச்சி தெரு இன்றும் தள்ளுமுள்ளாகத்தான் இருக்கிறது. ஸ்பென்சரின் சிக்கல் அதன் பத்திரங்களில் இருக்கிறது. இங்கே கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டன. எக்ஸ்பிரஸ் அவென்யூ போல ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் மாலில், எந்தத் தளத்தில் என்ன கடை வர வேண்டும் என்று ஒருவர் முடிவெடுக்கலாம். பல நூறு பத்திரங்களாகச் சிதறிய கட்டடத்தில் அது முடியாது. பத்துக் கடை மூடினால் லிஃப்டுக்கும் ஏ.சி.க்கும் ஆகும் பொதுச்செலவை மிச்சமிருக்கிறவர்கள் சுமக்க வேண்டும். கட்டணம் ஏறும். கட்ட முடியாதவர் மூடுவார். செலவைக் குறைக்க ஏ.சி.யைக் குறைத்தால், காற்றுக்கு ஜன்னல் வைக்காமல் கட்டிய கட்டடத்தில் வாடிக்கையாளர் நிற்க மாட்டார். மறுபடி பத்துக் கடை மூடும். கடைசி ஷட்டர் இறங்கும்வரை இந்தச் சுழல் தானாக நிற்காது. வெளியிலிருந்து ஒரு கை வந்துதான் நிறுத்த வேண்டும். அந்தக் கை அரசினுடையது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, எல்லா உரிமையாளர்களையும் அரசு ஒரே மேசைக்கு அழைக்க வேண்டும். எந்தக் கடை யாருடையது, எது காலி, எதில் வழக்கு, எதில் வங்கிக் கடன் என்ற பட்டியலைப் பதிவுத்துறையும் மாநகராட்சியும் சேர்ந்து 90 நாளில் எடுத்துவிடலாம். சொத்து வரி ரசீதும் வில்லங்கச் சான்றும் அவர்கள் கையில்தானே இருக்கின்றன. அடுத்து, உரிமையாளர்கள் அனைவரும் பங்கு பெறும் ஒரே அமைப்பை உருவாக்கி, தனித்தனிக் கடைக்குப் பதிலாக மொத்தக் கட்டடத்தில் பரப்பளவுக்கு ஏற்ற பங்கு தர வேண்டும். ஒருவர் மறுத்தால் ஊரே காத்திருக்க வேண்டும் என்ற நிலையை அடுக்குமாடி வீடுகளுக்கு அரசே மாற்றிக் காட்டியிருக்கிறது. 2022-ல் கொண்டுவந்த சட்டத்தில், மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்று வழி செய்தார்கள். கடை கடையாக விற்கப்பட்ட வணிக வளாகங்களுக்கும் அதே வழியைத் திறந்துவிட வேண்டும். சென்னையில் இப்படிச் சிக்கிக் கிடப்பது ஸ்பென்சர் மட்டுமல்ல என்பதால், இந்தத் திருத்தம் ஒரே கட்டடத்துக்குச் செய்யும் சலுகையும் ஆகாது. உரிமையாளர்களில் பலர் வயதானவர்கள். வாரிசுகளுக்குக் கை மாறும்போது ஒரு பத்திரம் நான்காக உடையும். ஒவ்வோர் ஆண்டு கடத்தும்போதும் மேசைக்கு அழைக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடுகிறது.

இதற்குக் காத்திராமல் நாளைக்கே தொடங்க வேண்டியது பாதுகாப்புச் சோதனை. ஒரு முறை தீயில் போன இடம் இது. பேஸ்மென்ட், மின்கம்பிகள், தீயணைப்புக் குழாய்கள், அவசர வழிகள், தூண்களின் உறுதி ஆகியவற்றைத் தீயணைப்புத் துறையும் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களும் சோதித்து, அறிக்கையைத் தமிழில், வாசலில் ஒட்ட வேண்டும். பூட்டிய கடைக்குள் என்ன தேங்கியிருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியாது. ஆள் நடமாட்டம் குறைந்த கட்டடத்தில் புகை வந்தால் முதலில் பார்க்கவும் ஆள் இருக்காது. இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், தனி நிதி வேண்டாம், ஓர் உத்தரவு போதும்.

இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பாரும் உண்டு. அதை நாங்கள் ஏற்கவில்லை. சோதனையில் தேறும் பகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்ற வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. இடிப்பதற்குச் சில ஆண்டுகள், கட்டுவதற்குச் சில ஆண்டுகள், நடுவில் வழக்குகளுக்கு எத்தனை ஆண்டுகளோ. அதுவரை மவுண்ட் ரோட்டின் நடுவில் தகர வேலிதான் நிற்கும். கட்டி முடித்தபின் அங்கே எழும் கோபுரத்தில் எங்களைப் போன்றவர்களுக்குச் செக்யூரிட்டி வேலை கிடைக்கலாம், நுழைய அனுமதி கிடைக்காது. கட்டடத்தின் வேலையை மாற்றுவது எப்படி என்று அரசுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இதே சாலையில், ஓமந்தூரார் தோட்டத்தில், 2010-ல் சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் எனத் திறக்கப்பட்ட கட்டடம் 2014-ல் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையானது. அந்த மாற்றத்தின் அரசியலை இன்றைக்கும் டீக்கடையில் விவாதிக்கலாம். சட்டமன்றத்துக்குக் கட்டியதை நான்கே ஆண்டில் மருத்துவமனையாக்க முடிந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் நச்சுப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டபோது, ஊர் நடுவில் மூடிக் கிடந்த மேசிஸ் பேரங்காடியையே பள்ளியாக்கினார்கள். புதுப் பள்ளி எழும்வரை, 2021 முதல் பிள்ளைகள் எஸ்கலேட்டரில் ஏறித்தான் வகுப்புக்குப் போனார்கள்.

இத்தனை நலிவிலும் கடையைத் திறந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை. கைவினைப் பொருள் விற்பவர்கள், வாட்ச் பழுது பார்ப்பவர்கள், தையல்காரர்கள், செருப்பும் பையும் விற்பவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். சொந்தக்காரரோ வாடகைக்காரரோ, கட்டடத்தின் வேலை மாறும்போது அதே கட்டடத்தில், ஆள் வந்து போகும் தளத்தில், அதே அளவு இடம் அவர்களுக்கு எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். வேலை நடக்கும் காலத்தில் ஒரு பகுதியை முடித்து அவர்களை அங்கே மாற்றிய பிறகே அடுத்த பகுதியைத் தொட வேண்டும். மூன்று கட்டங்களாகக் கட்டிய வளாகம் என்பதால் இது செய்யக்கூடியதே. ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்கள், சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி இருந்த பழைய சந்தையான மூர் மார்க்கெட்டை நினைத்துப் பார்க்கட்டும். 1985-ல் அது எரிந்தது. அந்த இடத்தில் ரயில்வேயின் புறநகர் முனையக் கட்டடம் வந்தது, வியாபாரிகளுக்கு அல்லிக்குளம் வளாகம் கிடைத்தது. கடை கிடைத்தது, கூட்டம் கிடைக்கவில்லை. பழைய புத்தகம் தேடி மூர் மார்க்கெட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் பழைய புத்தகம் தேடி அல்லிக்குளத்துக்குப் போய்விடவில்லை. மாற்று இடம் என்ற பேச்சையே அதனால்தான் ஏற்க மறுக்கிறோம்.

தரைத்தளம் பொதுவழியாக வேண்டும். ஏதாவது வாங்கினால்தான் உட்காரலாம் என்ற நிலை அங்கே இருக்கக் கூடாது. நடுமுற்றத்தின் கூரையைக் காற்றும் வெளிச்சமும் வரும்படி மாற்றினால், ஏ.சி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மனிதர் நிற்கலாம், மின்கட்டணமும் இறங்கும். உட்கார பெஞ்சுகள், குடிநீர், கட்டணமில்லாக் கழிப்பறை, பாலூட்டும் அறை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எல்லாம் வேண்டும். அண்ணா சாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம், அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ஓட்டலில் காபி வாங்குவேன் என்பார். கழிப்பறைக்குப் போகக் காபி விலை கொடுக்க வேண்டிய சாலையை மாநகரத்தின் மையம் என்று எப்படிச் சொல்வது? தரைத்தளத்தின் ஒரு பகுதியை 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி உரிமம் பெற்ற நடைபாதைக்காரர்களுக்கும் ஒதுக்க வேண்டும். இதில் பெரும்பாலானவற்றுக்குக் கூரையைத் தொடக்கூட வேண்டாம். கழிப்பறையும் பெஞ்சும் குடிநீரும் இந்தக் கோடைக்குள் வந்துவிடலாம்.

மெட்ரோ இங்கே ஏற்கெனவே வந்துவிட்டது. 2019 பிப்ரவரியில் ஏ.ஜி.-டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரை ரயில் ஓடத் தொடங்கியபோது, ஸ்பென்சரிலிருந்து கூப்பிடு தூரத்தில் எல்.ஐ.சி. நிலையம் திறந்தது. நிலையத்திலிருந்து பிளாசாவின் வாசல் வரை நிழலோடு, தடையில்லாத ஒரே மட்டத்தில் நடைபாதை வேண்டும். சாலைக்கு மறுபக்கம் போவோருக்கு மெட்ரோ சுரங்க வழி ரயில் நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும், அதன் எஸ்கலேட்டரும் லிஃப்டும் ஓட வேண்டும். இதே அண்ணா சாலையில் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையில் 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு 621 கோடி ரூபாய் மதிப்பிட்டு 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். வண்டியில் வேகமாகக் கடந்து போகிறவர்களுக்கு அது ஆகட்டும், நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. இறங்கி நடக்கிறவர்களுக்கு அதில் ஒரு சிறு துளி போதும். தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை வளாகத்தைத் திறந்தபோது நடக்கிறவர்களுக்கு என்ன தேவை என்று மாநகராட்சி நன்றாகவே தெரிந்து வைத்திருந்தது.

மேல்தளங்களில் என்ன வர வேண்டும் என்பதற்கு எங்களிடம் பட்டியல் உண்டு, ஆனால் முதலிடம் படிக்கிறவர்களுக்கு. அண்ணா சாலையிலேயே இருக்கும் தேவநேயப் பாவாணர் நூலகத்துக்குக் காலையில் போய்ப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. புத்தகத்தோடு இடம் பிடிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒரு நாற்காலி என்பது பெரிய விஷயம். வீட்டில் ஒற்றை அறை, அதில் தொலைக்காட்சி, தம்பி, பாட்டி. 2024 நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது. குறைந்த கட்டணத்தில் படிக்கவும், மடிக்கணினியோடு உட்கார்ந்து வேலை செய்யவும் இடம் தருகிறது. அதே போல ஒன்று, ஆனால் பெரிதாக, ஸ்பென்சரின் ஒரு தளத்தில் வேண்டும். இரவு பத்து மணி வரை திறந்திருக்க வேண்டும். கொளத்தூருக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். இங்கே கட்டடம் தயாராக நிற்கிறது. காலியாக இருக்கும் கடைகளை மாநகராட்சி குத்தகைக்கு எடுத்து, நடுச்சுவர்களை நீக்கி, மேசை போட்டால் ஆறு மாதத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கலாம். மற்ற கோரிக்கைகள் முடியட்டும் என்று இதை நிறுத்தி வைக்கக் கூடாது. மேல்தளத்துக்கு ஐந்நூறு பேர் தினமும் ஏறினால் கீழே டீக்கடைக்காரருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை, தாமாக வருவார்கள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இங்கே ஒரு தோழி விடுதி வேண்டும். அரசு நடத்தும் இந்த விடுதிகள் நல்ல பெயர் எடுத்தவை. தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன. அண்ணா சாலைக் கடைகளில் இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கிவிட்டுக் கிளம்பும் பெண்ணுக்குத் தாம்பரம் தூரம். மால் கட்டடத்தை விடுதியாக்குவதில் ஒரு சங்கடம் உண்டு என்பதையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். கட்டடத்தின் நடுப்பகுதிக்கு வெளிச்சமும் காற்றும் எட்டாது. ஆகவே வெளிச்சுவரை ஒட்டிய பகுதியில் மட்டும் அறைகளை அமைத்து ஜன்னல் திறக்க வேண்டும். உள்பகுதியைப் படிப்பகத்துக்கும் ஒத்திகைக் கூடங்களுக்கும் பொருள் வைக்கும் அறைகளுக்கும் விடலாம். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், 1828-ல் கட்டிய ஆர்கேட் என்ற பழைய அங்காடியின் மேல்தளங்களைச் சின்னஞ்சிறு வீடுகளாக்கி, கீழே கடைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். மாலை ஏழுக்கு மேல் ஆள் குடியிருக்கும் கட்டடம்தான் தெருவுக்குக் காவல். கேமராவை மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இரவில் ஒரு முறை அந்த நடைபாதையில் தனியாக நடந்து பார்க்கலாம்.

இன்னும் சில வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறோம். நாடகக்காரர்களுக்கும் பறை, கானா கற்பவர்களுக்கும் சத்தம் வெளியே போகாத ஒத்திகை அறைகள், மணிக்கணக்கு வாடகையில். ஒரு இ-சேவை மையம், எங்களுக்குச் சான்றிதழ் வாங்க அலைச்சல் குறையும். நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்களுக்கு மழையில் நனையாத ஒரு வரிசை.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். எல்லாவற்றையும் அரசு விலைக்கு வாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. காலிக் கடையால் உரிமையாளருக்கு இன்று வருமானம் ஏதுமில்லை, வரியும் பராமரிப்புக் கட்டணமும் மட்டும் ஓடுகின்றன. பொதுப் பயன்பாட்டுக்கு நீண்டகாலக் குத்தகை தருகிறவர்களுக்குச் சொத்து வரியில் சலுகை கொடுங்கள். மாதா மாதம் நிச்சயமான வாடகை வரும் என்றால் பூட்டி வைத்திருப்பவர் சாவியை எடுத்துக்கொண்டு வருவார். எதற்கும் வராமல் ஆண்டுக்கணக்கில் பூட்டியே வைத்திருப்பவருக்கு வரியைக் கூட்டுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். பொதுப்பணத்தில் கட்டடம் சீரானதும் நில மதிப்பு ஏறும். ஏறிய பிறகு குத்தகையை முறித்து வேறு யாருக்காவது விற்றுவிடாதபடி, முப்பது ஆண்டுக்குக் குறையாத ஒப்பந்தம் பதிவாக வேண்டும்.

கடைசியாக, காலம். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஓடு முடிகிறது, மூன்றாவது திட்டம் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு. புறநகரின் புது நகரியங்களைப் பற்றி அதில் பக்கம் பக்கமாக வரும். பழைய மையத்துக்கும் தனி அத்தியாயம் வேண்டும், அதில் ஸ்பென்சர் வளாகம் பொதுப் பயன்பாட்டு இடமாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட வேண்டும். இந்த வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்தது 2046-ல். இப்போது கடை நடத்துகிறவர்களில் எத்தனை பேர் அதுவரை தாக்குப்பிடிப்பார்கள்?

இந்தச் சாசனத்தைப் பெற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் பாதுகாப்புச் சோதனைக்கான உத்தரவு, 90 நாளுக்குள் உரிமையாளர் பட்டியல், ஆறு மாதத்துக்குள் படிப்பகத் தளம், ஓராண்டுக்குள் சட்டத் திருத்த முன்வரைவு. நான்கு துறைகளுக்கும் பொறுப்பாக ஒரே ஓர் அதிகாரியை நியமித்து, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பிளாசா வாசலில் எழுதி வையுங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர் நடுமுற்றத்துக்கு வந்து, முந்தைய மாதம் என்ன முடிந்தது என்று சொல்ல வேண்டும். நாற்காலிகளை நாங்கள் போட்டு வைக்கிறோம்.